பொழுதுபோக்குப் பூங்கா நிர்வாகத்துக்குப் புகார் எழுதுகிறேன்: எவற்றைச் சேர்ப்பது, எவற்றை விடுவது?

கேள்வி: பல்லாவரம்வாசி

வணக்கம். கடந்த மே மாதம் ஒரு சனிக்கிழமை, நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என் தாயாருமாகச் சென்னைக்கு அருகிலுள்ள ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போய்வந்தோம். அங்கே பட்ட மனக்குறைகளைத் தொகுத்து நிர்வாகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத அது நான்கு பக்கத்தைத் தாண்டிவிட்டது. அவ்வளவு நீளமான கடிதத்தை எவரும் பொறுமையாகப் படிக்க மாட்டார்கள் என்பதால், விவரம் அறிந்தவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

என் முதன்மையான குறை மூத்த மகளைப் பற்றியது. அவளுக்குப் பதினொரு வயது. அந்தப் பூங்காவில் கட்டணம் வயதைப் பொறுத்தது அன்று, உயரத்தைப் பொறுத்தது, 140 செ.மீ. தாண்டினால் பெரியவர் கட்டணம். நுழைவாயிலில் சுவரோரம் செருப்புடன் நிற்கவைத்துப் பார்த்தவர், கோட்டைத் தொட்டுவிட்டாள் என்று சொல்லிப் பெரியவர் சீட்டுக் கொடுத்தார். சிறுவர் சீட்டைவிட அது ஏறத்தாழ 300 ரூபாய் கூடுதல். மறுப்பேதும் சொல்லாமல் கொடுத்தேன். பிற்பகலில் ரோலர் கோஸ்டர் வரிசையில் 1 மணி 50 நிமிடம் நின்று மேடையை அடைந்தபோது, அங்கிருந்த இளைஞர் செருப்பைக் கழற்றச் சொல்லி மீண்டும் அளந்தார். 140க்கு ஒரு விரல்கடை குறைவு. ஏற்ற முடியாது என்றார். மகள் அழவில்லை. மணிக்கட்டில் கட்டியிருந்த காகிதப் பட்டையைத் திருகிக்கொண்டே, எங்களுக்கு முன்னால் படியிறங்கிப் போனாள். உதவி மையத்தில் கேட்டபோது, கட்டணத்தைத் திருப்பித் தரும் வழக்கமில்லை என்று முடித்துக்கொண்டார்கள்.

பாதுகாப்பு விதியைக் குறை சொல்ல மாட்டேன். அந்த இளைஞர் தம் கடமையைத்தான் செய்தார். ஆனால், பணம் வாங்கும் இடத்தில் பெரியவளாக இருந்த பிள்ளை, ராட்டினத்தின் அருகே மட்டும் எப்படிச் சிறுமியானாள் என்பதற்கு எனக்கு விடை வேண்டும்.

மற்றவை: இரண்டு பெரிய ராட்டினங்கள் அன்று ஓடவில்லை என்பது சீட்டு வாங்கும் வரை சொல்லப்படவில்லை. வரிசையில் ஒருவர் இடம்பிடித்து நிற்க, பின்னர் ஏழெட்டுப் பேர் கயிற்றுக்கு அடியில் நுழைந்து அவருடன் சேர்ந்துகொண்டார்கள். நாங்கள் கொண்டுபோன குடிநீர்ப் பாட்டிலை வாசலில் வாங்கி வைத்துவிட்டு, உள்ளே 20 ரூபாய் அச்சிட்ட பாட்டிலை 40 ரூபாய்க்கு விற்றார்கள். எந்த ராட்டினத்திலும் ஏறாமல் மர நிழலில் எங்கள் பைகளைக் காத்துக்கொண்டிருந்த என் தாயாருக்கும் முழுக்கட்டணம். நைலான் உடை இருந்தால்தான் நீரில் இறங்கலாம் என்று எழுந்த குளியல் உடைத் தகராறு வேறு. அது சிறிய விஷயம் என்பதால் விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். இவற்றில் எவை நிர்வாகத்தின் தவறு, எவை கூட்டத்தின் இயல்பு?

பதில்: பழைய ஆபரேட்டர்

ஐயா, நீங்கள் குறிப்பிடுவது எந்தப் பூங்கா என்று எனக்குத் தெரியாது. வேறொரு பூங்காவில் ஒன்பது ஆண்டுகள் ராட்டினம் இயக்கியவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

உயர வரம்பைப் பூங்கா தன் விருப்பம்போல வைப்பதில்லை. மடியின்மேல் இறங்கும் பட்டையும் தோள் பூட்டும் எந்த அளவு உடலை இறுகப் பிடிக்கும் என்பதைக் கணக்கிட்டு, ராட்டினத்தைத் தயாரிக்கும் நிறுவனமே அந்த எண்ணைத் தருகிறது. அதைத் தளர்த்தும் உரிமை மேடையில் நிற்பவருக்கு இல்லை. எத்தனையோ பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் நுழைவாயில் கோட்டுக்கு இந்தக் கண்டிப்பு கிடையாது. எங்கள் பூங்காவில் ஒருமுறை வாசல் தரையில் பழைய தளத்தின் மேலேயே புதிய கல் பதித்தார்கள். தரை இரண்டு செ.மீ. உயர்ந்துவிட்டது, சுவரில் வரைந்திருந்த கோடு மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. அதன்பின் ஒவ்வொரு பிள்ளையும் வாசலில் இரண்டு செ.மீ. வளர்ந்தே உள்ளே வந்தது. நாங்கள் மேடையில் திருப்பி அனுப்பிய பிள்ளைகளின் எண்ணிக்கை திடீரென்று கூடியபோதுதான் மேற்பார்வையாளர் டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். உங்கள் விஷயத்திலும் செருப்பு மட்டுமே காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வாசல் கோட்டைத் தரையிலிருந்து டேப் வைத்து அளந்து பார்க்கும்படி கடிதத்தில் கேளுங்கள்.

வரிசையைப் பற்றி ஒரு கணக்கு. 24 பேர் அமரும் ஒரே வண்டி. ஏற்றி, ஒவ்வொரு பூட்டையும் கையால் இழுத்துப் பார்த்து, ஓடவிட்டு, இறக்கி முடிக்க 4 நிமிடம் என்று வையுங்கள். மணிக்கு 15 சுற்று, 360 பேர். உங்களுக்கு முன்னால் 660 பேர் நின்றிருந்தால் நீங்கள் சொல்லும் அதே 1 மணி 50 நிமிடம் ஆகும். கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு விரைவுச் சீட்டு விற்கும் பூங்காவில், ஒவ்வொரு சுற்றிலும் 8 இருக்கைகளை அந்தச் சீட்டு வாங்கியவர்களுக்கு ஒதுக்கினால் பொது வரிசைக்கு மணிக்கு 240 இடங்கள்தான் மிஞ்சும். அதே 660 பேர் நகர 2 மணி 45 நிமிடம் வேண்டும். இந்தக் கணக்கு நிர்வாகத்துக்குத் தெரியும். வரிசையின் தொடக்கத்தில் "இங்கிருந்து இவ்வளவு நேரம்" என்று ஒரு பலகை வைக்க அதுவே போதும். பலகை இருந்திருந்தால், அதன் பக்கத்தில் ஓர் அளவுகோலும் இருந்திருந்தால், உங்கள் மகள் முதல் நிமிடத்திலேயே வேறு ராட்டினத்துக்குப் போயிருப்பாள். வரிசை முடியும் இடத்தில் அளப்பதை நான் பணியில் இருந்த காலத்திலேயே எதிர்த்திருக்கிறேன்.

தாமதத்தில் பார்வையாளருக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. கைப்பையையும் கைப்பேசியையும் கழற்ற மறுத்து வாதாடுவதால் சுற்றுக்கு அரை நிமிடம் போனாலே மணிக்கு 40 பேர் குறைந்துவிடுவார்கள். வரிசையில் இடையே நுழைவதும் அப்படித்தான். அங்கே ஒரு பணியாளரை நிறுத்தாதது மட்டுமே நிர்வாகத்தின் தவறு.

ராட்டினம் நின்றுபோனதைக் குறையாக எழுத வேண்டாம். ஓர் உணரி (சென்சார்) ஐயப்பட்டாலும் வண்டியை நிறுத்தி, ஆளில்லாமல் பலமுறை ஓட்டிப் பார்த்த பிறகே மீண்டும் ஏற்ற வேண்டும். 2025 மே மாதத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயரத்தில் சிக்கிக்கொண்டு, தீயணைப்புத் துறையினர் வந்து இறக்கும் நிலை ஏற்பட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். சந்தேகம் வந்ததும் நிறுத்துகிறவரைப் பாராட்ட வேண்டும். ஆனால், காலையிலேயே ஓடாது என்று தெரிந்த ராட்டினத்தைச் சீட்டு விற்கும் சன்னலில் எழுதி வைக்காதது வேறு விஷயம். அதை எழுதுங்கள்.

பதில்: கோவைத் தாய்

சகோதரரே, குளியல் உடை சிறிய விஷயம் என்று நீங்கள் எழுதியதோடு என்னால் உடன்பட முடியவில்லை. உங்கள் மனைவியிடமும் தாயாரிடமும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

நைலான் உடைதான் வேண்டும் என்பதற்குத் தக்க காரணம் இருக்கிறது. பருத்தி ஆடை நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். அதிலிருந்து உதிரும் நூலும் பஞ்சும் வடிகட்டிகளை அடைக்கும். நீளமான துப்பட்டா சறுக்கில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. இதையெல்லாம் நான் ஏற்கிறேன். ஆனால் இந்த விதியை இணையத்தில் சீட்டு வாங்கும்போதே பெரிய எழுத்தில் சொல்லியிருந்தால், முழுக்கையும் முழுக்காலும் மறைக்கும் நைலான் உடையை வீட்டிலிருந்தே எடுத்துப் போயிருப்போம். நாங்கள் போன இடத்தில், குளத்தின் ஓரத்தில் ஈரக்காலுடன் நிற்கும்போதுதான் சொன்னார்கள். பிறகு வாடகைக் கடைக்குப் போனால், கிடைத்ததெல்லாம் தொடை வரையிலான ஓர் உடையும், முந்தையவர் உடுத்திய ஈரம் காயாத இன்னொன்றும்தான். என் மாமியார் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்து, மாலை வரை ஒரு கல் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் முழுக்கட்டணம் கட்டியிருந்தோம். எதிலும் ஏறாமல் வேடிக்கை மட்டும் பார்ப்பவர்களுக்குத் தனியாகக் குறைந்த கட்டணம் வைக்க வேண்டும் என்பதை உங்கள் கடிதத்தில் அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகளுக்காக மட்டும் வருகிற பெரியவர்கள் நம் ஊரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

தரையைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை. நீர்ச்சறுக்குகளுக்குச் செருப்பில்லாமல்தான் போக வேண்டும். ஒரு குளத்திலிருந்து அடுத்த குளம் வரை நடக்கும் பாதை, மே மாதத்துப் பகல் ஒரு மணிக்குத் தோசைக்கல்லாகக் கொதிக்கிறது. என் மகன் ஈரத்துண்டைக் கீழே போட்டு அதன்மேல் நின்று, பிறகு அதை எடுத்து முன்னால் போட்டு, அப்படியே முப்பது அடி கடந்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்கால் விளிம்பில் இரண்டு கொப்புளங்கள். பாதையின் ஓரமாக ஒரு குழாயில் சிறு துளைகளிட்டு நீர் கசியவிட்டாலோ, மேலே நிழல்வலை கட்டினாலோ தீர்ந்துவிடும் குறை இது.

அலைக்குளத்தில் பெண்கள் நிற்கும் பகுதிக்குள் இளைஞர் கும்பல் வேண்டுமென்றே அலையோடு வந்து மோதுவதையும் எழுதுங்கள். விசில் ஊதுகிற பணியாளர் கரையில் நின்றால் போதாது, நீருக்குள் நிற்க வேண்டும்.

நியாயத்துக்காக ஒன்று சொல்ல வேண்டும். "குளோரினை அள்ளிக் கொட்டிவிட்டார்கள், கண் எரிகிறது" என்று பலர் குறைப்படுகிறார்கள். அந்த எரிச்சலும் நெடியும் பெரும்பாலும் குளோரின் நம் வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து உண்டாகும் குளோரமின் என்ற பொருளால் வருபவை. குளிக்காமல் குளத்தில் இறங்குகிறவர்களே அதற்குக் காரணம். குளத்துக்கு முன்னால் ஓடுகிற ஷவர் இருக்கிறதா என்பதை மட்டுமே நிர்வாகத்திடம் கேட்கலாம்.

பதில்: நுகர்வோர் நண்பன்

கடிதத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. தரை, நிழல், பலகை போன்றவை ஆலோசனைகள். பணம் சம்பந்தப்பட்டவை புகார்கள். இரண்டையும் கலந்தால் ஆலோசனைக்கு நன்றி சொல்லிப் புகாரை மறந்துவிடுவார்கள்.

உங்கள் மகளின் சீட்டு தெளிவான புகார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு, குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய தொகையை ரசீதில் சொன்ன காலத்துக்குள்ளோ, அப்படிச் சொல்லப்படாதபோது 30 நாட்களுக்குள்ளோ திருப்பித் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறையாகச் சொல்கிறது. ரசீதையும் காகிதப் பட்டையையும் பத்திரமாக வைத்திருங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனாலும், செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை.

குடிநீர்ப் பாட்டிலில் கவனம் தேவை. பொட்டலப் பொருளை அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது என்பது பொது விதி. ஆனால் உணவகங்களில் பரிமாறும் சேவையும் சேர்ந்திருப்பதால் அது அவர்களுக்குப் பொருந்தாது என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீங்கள் வாங்கியது மேசையில் அமர்ந்தா, நடைபாதைக் கடையில் நின்றா என்பதைத் தெளிவாக எழுதுங்கள். கடை என்றால் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவுக்குத் தனியாக ஒரு மனு அனுப்பலாம்.

வாசலில் பாட்டிலை வாங்கி வைப்பது போன்ற வெளி உணவுத் தடையை எதிர்ப்பது கடினம். 2023 ஜனவரியில் திரையரங்குகளைப் பற்றிய வழக்கில், வெளி உணவைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவை அனுமதிக்க வேண்டும் என்பதையும் அதோடு சேர்த்தே சொன்னது. அது பூங்காக்களைப் பற்றிய தீர்ப்பு அன்று. எனினும், பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்கிறவர்கள் உள்ளே குடிநீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும் என்பது நியாயமான கோரிக்கைதான்.

இணையத்தில் சீட்டு வாங்கினீர்களா? முதல் பக்கத்தில் ஒரு விலை காட்டி, பணம் செலுத்தும் கடைசிப் பக்கத்தில் வரியும் வசதிக் கட்டணமும் சேர்ப்பதை 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் தடுக்கின்றன. பூங்கா நுழைவுக்கான ஜி.எஸ்.டி. 2018 ஜனவரியில் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஐந்து பேர் குடும்பத்துக்கு அந்த 18ம் சிறிய தொகை அன்று. முதல் பக்கத்திலேயே அது தெரிய வேண்டும்.

மீண்டும்: பல்லாவரம்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய ஆபரேட்டர் ஐயா சொன்னதைப் படித்ததும் வீட்டு நிலைப்படியில் மகளை நிறுத்தி டேப்பால் அளந்தேன். வெறுங்காலுடன் 138.5 செ.மீ. அன்று போட்டிருந்த செருப்பின் அடிப்பாகம் ஒரு செ.மீ. மட்டுமே. ஆக, செருப்போடு நிறுத்தினாலும் அவள் 140ஐத் தொட்டிருக்க முடியாது. வாசல் கோட்டையே சரிபார்க்க வேண்டும் என்பது இப்போது உறுதியாகிவிட்டது.

சகோதரி சொன்னபடி மனைவியிடம் கேட்டேன். குளியல் உடை பற்றி அவள் சொன்னதை நான் சுருக்கி எழுதாமல், அந்தப் பத்தியை அவளையே எழுதச் சொல்லியிருக்கிறேன். தண்ணீர்ப் பாட்டில் நடைபாதைக் கடையில் நின்றபடி வாங்கியதுதான். ரசீது தரவில்லை என்பதால் அதை ஆலோசனைப் பகுதிக்கு மாற்றிவிட்டேன். ஓடாத ராட்டினங்களைப் பற்றிச் சன்னலில் அறிவிக்க வேண்டும் என்ற ஒரு வரி மட்டும் இருக்கிறது. வரிசையில் இடையே நுழைந்தவர்களைப் பற்றி எழுதியிருந்த ஒன்றரைப் பக்கத்தை எடுத்துவிட்டேன்.

புகார்க் கடிதம் இப்போது ஒரு பக்கம். கட்டண வித்தியாசத்தைத் திருப்பித் தர வேண்டும், வாசல் கோட்டைச் சரிசெய்ய வேண்டும், ரோலர் கோஸ்டர் வரிசையின் தொடக்கத்தில் ஓர் அளவுகோல் வைக்க வேண்டும் என்று மூன்றே கோரிக்கைகள். ரசீதின் நகலையும், நிலைப்படியில் மகள் டேப்புடன் நிற்கும் படத்தையும் இணைத்து, திங்கட்கிழமை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். பதில் வந்ததும் இங்கேயே தெரிவிக்கிறேன்.