நாயோடு மலையேறியவர்கள் வாங்க, நடந்ததைச் சொல்லுங்க

மூன்று வாரமாக இதை எழுதுவதா வேண்டாமா என்று இருந்தேன். எழுதிவிடுகிறேன். ஒரே ஒரு நாய்க்குப் பயன்பட்டாலும் போதும்.

வீராவுக்கு ஆறு வயது, 24 கிலோ. நான்கு வருடமாக என்னோடு காட்டுப்பாதைகளில் நடக்கிறான். அன்று போனதும் பழகிய பாதைதான். போக வர 14 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றம், வழி முழுக்க மரநிழல், நடுவில் இரண்டு ஓடை. அந்த நிழலை நம்பித்தான், வழக்கத்தைவிட ஒன்றரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பியும் நான் கவலைப்படவில்லை.

முதல் ஓடையில் வெறும் பாறைதான் கிடந்தது. சரி, அடுத்ததில் குடித்துக்கொள்வான் என்று நடந்தேன். பையில் இருந்தது இரண்டு லிட்டர், எங்கள் இருவருக்கும் சேர்த்து. ஏற ஏறக் காற்றே இல்லை, ஒரு இலை அசையவில்லை, ஒரே புழுக்கம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். காற்றில் ஈரம் கூடிவிட்டால் அந்த இரைப்பும் சரியாகப் பலன் தராது. வெயில் மேலே படவில்லை என்பதையே பார்த்துக்கொண்டிருந்த நான் இதை யோசிக்கவில்லை.

வீரா ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. அதுதான் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. நான் போனேன், அவன் வந்தான். களைத்துப்போனால் உட்கார்ந்துவிடுவான் என்று நினைத்திருந்தேன். நம் கூடவே வர வேண்டும் என்கிற ஆசை இருக்கும்வரை பல நாய்கள் உட்காருவதில்லை. இரண்டாவது ஓடைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு திருப்பத்தில் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். நாக்கு வழக்கத்தைவிட அகலமாக விரிந்து, நுனி மேல்பக்கம் சுருண்டிருந்தது. நிறம் கருஞ்சிவப்பு. எச்சில் பசை மாதிரி கெட்டியாகத் தொங்கியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், காது அசையவில்லை. அடுத்த அடி வைக்கும்போது பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன.

பாதையோரத்தில் படுக்கவைத்து, மிச்சமிருந்த தண்ணீர் மொத்தத்தையும் வயிறு, தொடையிடுக்கு, கழுத்து என்று ஊற்றித் தொப்பியால் விசிறினேன். முதலில் என் சட்டையை நனைத்து அவன்மேல் போர்த்தினேன், அது தப்பு. ஈரத்துணியைப் போர்த்தியபடியே விட்டுவிட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும். தண்ணீரும் வேண்டும், அதன்மேல் காற்றும் பட வேண்டும். எதிரே இறங்கி வந்த இரண்டு பேர் தங்கள் பாட்டில்களைக் கேட்காமலேயே கொடுத்தார்கள். அவர்கள் யாரென்றுகூடத் தெரியாது. இருபது நிமிடம் கழித்துத்தான் இரைப்பு தணிந்தது. அன்று அவர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே முடியவில்லை.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகளே கெடத் தொடங்கும். நான் டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தபோது, அவ்வளவு குளிர்வித்த பிறகும், 39.8. தேறிவிட்டான் என்றுதான் எனக்குத் தோன்றியது, அவர் விடவில்லை. சிறுநீரகம், இரத்தம் உறைவது இதிலெல்லாம் கோளாறு ஒன்றிரண்டு நாள் கழித்தும் தலைகாட்டலாம் என்று மறுநாளும் இரத்தம் எடுத்துப் பார்த்தார். நல்லவேளை, ஒன்றும் இல்லை.

இப்போது இருபது நிமிடத்துக்கு ஒரு தரம் நிற்கிறேன், அவன் கேட்டாலும் கேட்காவிட்டாலும். நாக்கைப் பார்க்கிறேன். அவனுக்கான தண்ணீர் தனி பாட்டில். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

*

படித்ததும் கை நடுங்கியது. வீராவுக்கு என் அன்பு.

எங்களுக்கு நடந்தது பாம்பு. செம்பிக்கு இரண்டு வயது, எதைப் பார்த்தாலும் மூக்கை நுழைப்பாள். விழுந்து கிடந்த மரத்தைத் தாண்டும்போது அதன் அடியில் முகர்ந்தாள். 'கீச்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மூக்குக்குப் பக்கத்தில் இரண்டு சொட்டு இரத்தம். முள் குத்திவிட்டது என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் ஒரு பக்கக் கன்னம் வீங்கிவிட்டது.

கூட வந்த தோழி செய்த முதல் வேலை கழுத்துப்பட்டையைக் கழற்றியது. எனக்கு அது தோன்றவே இல்லை. கீழே வருவதற்குள் வீக்கம் கழுத்துவரை இறங்கியிருந்தது. பட்டை இருந்திருந்தால் மூச்சை இறுக்கியிருக்கும். கடித்த இடத்தைக் கீறுவது, உறிஞ்சுவது, கட்டுவது எதுவும் செய்யக் கூடாது. பாம்பைத் தேடிக்கொண்டும் நிற்கக் கூடாது. நடந்தால் விஷம் வேகமாகப் பரவும் என்பதால் 18 கிலோவை மூன்று கிலோமீட்டர் இருவரும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு வந்தோம்.

இன்னொன்று முக்கியம். சிக்னல் கிடைத்தவுடன் போன் செய்து, விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். நாங்கள் முதலில் கேட்ட இடத்தில் இல்லை. கேட்காமல் போயிருந்தால் அரை மணி நேரம் வீண். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தாள். இப்போதும் முகர்கிறாள், ஆனால் கயிற்றின் நீளத்துக்குள்தான்.

*

கயிறு என்றதும் என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடத்துக்கு முன் என் நாயை அவிழ்த்துவிட்டு நடப்பதுதான் என் வழக்கம். கூப்பிட்டால் வந்துவிடும், அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஒரு நாள் சரிவில் மான் ஒன்று எழுந்து ஓடியது. அந்த நொடிக்கு அப்புறம் என் குரல் அதன் காதில் விழவே இல்லை.

நான்கு மணி நேரம். தேடி அலைந்து கடைசியில், அது ஓடிய அதே இடத்தில் என் ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். நாம் அணிந்த துணியின் வாசத்துக்கு நாய் திரும்பி வரும் என்று எப்போதோ கேள்விப்பட்டிருந்தேன். இருட்டும் நேரத்தில் வந்து அதன்மேல் படுத்துக்கொண்டது. கால் நகம் ஒன்று பிய்ந்திருந்தது.

என் நாய் பிழைத்ததை மட்டும் நினைத்து நிம்மதியடைய முடியவில்லை. அந்த மான் எவ்வளவு தூரம் ஓடியதோ, குட்டி எதையாவது விட்டுவிட்டு ஓடியதோ? கரடி உள்ள காடுகளில் இன்னும் மோசம். குரைத்துச் சீண்டிவிட்டுப் பயந்த நாய் நேராக நம்மிடம்தான் ஓடி வரும், பின்னாலேயே கரடியும் வரலாம். இப்போது இரண்டு மீட்டர் கயிறு, அதுவும் இடுப்புப் பட்டையில் மாட்டியது. இழுத்தால் நீண்டு, தானாகச் சுருளும் வகை வேண்டாம். புதரில் சிக்கும், எதிரே வருபவர் காலையும் அறுக்கும்.

*

உண்ணியை யாரும் சொல்லவில்லையே! போன மாதம் ஒரே நடையில் பதினொன்று எடுத்தேன். காது மடிப்பு, அக்குள், வாலடி, கழுத்துப்பட்டைக்குக் கீழே, முக்கியமாக விரலிடுக்கு. மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, மெதுவாக இழுக்க வேண்டும். எண்ணெய் ஊற்றுவது, சூடு வைப்பது கூடவே கூடாது. அப்புறம், என் குட்டிக்கு ஏழு மாதம் ஆகிறது, துறுதுறுவென்று இருக்கிறாள். மலைக்குக் கூட்டிப் போகலாமா?

*

வீராவின் ஆள்தான். எல்லோருக்கும் நன்றி, செம்பியின் பட்டை விஷயம் எனக்குப் புதிது, மனதில் குறித்துக்கொண்டேன்.

ஏழு மாதக் குட்டிக்கு நீண்ட மலைநடை இப்போது வேண்டாம். எலும்பு வளரும் முனைகள் மூடவே இனத்தைப் பொறுத்து ஒரு வருடம், பெரிய இனங்களுக்கு ஒன்றரை வருடம்கூட ஆகும். இறக்கத்தில் முன்னங்கால் மூட்டுகளில் விழும் அடிதான் அதிகம். சமதளமான காட்டுப்பாதையில் கொஞ்ச நேரம் கூட்டிப் போங்கள். முகரட்டும், ஓடையைப் பார்க்கட்டும், உங்கள் கையில் தூக்கப்படுவதற்குப் பழகட்டும். தூக்கிப் பழக்காத நாய் அடிபட்ட நேரத்தில் கடிக்க வரும், அது அதன் தப்பில்லை. மனிதருக்கான வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். இபுப்ரோஃபென், பாராசிட்டமால் இரண்டுமே நாய்க்கு விஷமாகிவிடலாம்.

போன ஞாயிறு வீராவை முதல் தடவையாக மறுபடி கூட்டிப் போனேன். விடியும் முன்பே கிளம்பி நான்கு கிலோமீட்டர் மட்டும். முதல் ஓடையில் இப்போது தண்ணீர் ஓடுகிறது. வயிறு நனையும்வரை இறங்கி நின்றான். நான் திரும்பியபோது அவன் மேலே போகும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தான். கயிற்றை ஒரு தரம் லேசாக அசைத்தேன், உடம்பை உதறி என்மேல் தண்ணீரைத் தெளித்துவிட்டுக் கூடவே வந்தான்.