பொம்மை வாளுக்குள் எல்இடி பட்டை: பேட்டரியில் இயக்கினால் பாதியில் அணைந்துவிடுகிறது

கேள்வி:

வணக்கம். பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் என் மகள் ஏந்தவிருக்கும் பிளாஸ்டிக் வாள் ஒளிர வேண்டும் என்பதற்காக, உள்ளே வெற்றிடமுள்ள அதன் பால்நிற அலகுக்குள் 60 செ.மீ. நீளத்துக்கு டபிள்யூஎஸ்2812பி (ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியே கட்டுப்படுத்தக்கூடிய எல்இடி) பட்டையைப் பொருத்தியிருக்கிறேன். மொத்தம் 36 விளக்குகள். கைப்பிடிக்குள், நிரல் ஏற்றி விளக்குகளை இயக்கும் சிறிய மின்சுற்றுப் பலகையான ஆர்டுயினோ நானோ இருக்கிறது. செல்பேசி சார்ஜரிலிருந்து பட்டைக்கும் நானோவுக்கும் 5 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தபோது, நீல ஒளி பிடியிலிருந்து நுனிவரை பிழையின்றி ஏறியது. ஆனால் 9 வோல்ட் சதுர பேட்டரியை நானோவின் வின் (மின் உள்ளீடு) முனையில் இணைத்து, பட்டைக்கான மின்சாரத்தை நானோவின் 5 வோல்ட் முனையிலிருந்து எடுத்தால், ஒளி பாதி ஏறியதும் மங்கி அணைந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. வெள்ளை நிறம் செம்மஞ்சளாகத் தெரிகிறது. நானோவும் கை வைக்க முடியாதபடி சுடுகிறது. தவறு நிரலிலா, இணைப்பிலா?

முதல் பதில்:

உங்கள் நிரலில் குறை இருப்பதாகத் தெரியவில்லை, மின்சாரம்தான் போதவில்லை. ஒவ்வொரு விளக்கிலும் உள்ள மூன்று நிறங்களும் தலா 20 மில்லிஆம்பியர் அளவுக்கு இழுப்பதால், 36 விளக்குகளும் முழு வெள்ளையில் எரிய ஏறத்தாழ 2.16 ஆம்பியர் தேவைப்படும். சதுர பேட்டரியோ மல்டிமீட்டர் போன்ற, மிகக் குறைவாக மின்சாரம் இழுக்கும் கருவிகளுக்கானது. அரை ஆம்பியர் கேட்டாலே அதன் மின்னழுத்தம் சரிந்துவிடும். அத்துடன், நானோவில் உள்ள சின்னஞ்சிறு ரெகுலேட்டர் 9 வோல்ட்டை 5 ஆக்கும்போது மிஞ்சும் 4 வோல்ட்டையும் வெப்பமாகவே வெளியேற்றுகிறது. அரை ஆம்பியருக்கு அது 2 வாட். சூட்டுக்குக் காரணம் இதுதான். அழுத்தம் இறங்கியதும் நானோ ரீசெட் ஆவதால் ஒளி முதலிலிருந்து தொடங்குகிறது. நீலத்துக்கும் பச்சைக்கும் சுமார் 3 வோல்ட் தேவை, சிவப்புக்கு 2 வோல்ட் போதும் என்பதால், அழுத்தம் குறையும்போது சிவப்பு மட்டும் தாக்குப்பிடித்து வெள்ளை செம்மஞ்சளாகிறது.

ரீசார்ஜ் செய்யக்கூடிய ஏஏ அளவு நிக்கல் பேட்டரிகள் நான்கைத் தொடராக இணைத்தால் 4.8 வோல்ட் கிடைக்கும். அதை ஒரு 1என்5819 டையோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் உறுப்பு) வழியாகப் பட்டைக்கும் நானோவின் 5 வோல்ட் முனைக்கும் நேரடியாகக் கொடுங்கள். புதிதாகச் சார்ஜ் ஏற்றியபோது சற்றுக் கூடுதலாக இருக்கும் அழுத்தத்தை அந்த டையோடு குறைக்கும். பேட்டரியைத் தலைகீழாகப் போட்டாலும் காக்கும். சாதாரண அல்கலைன் பேட்டரிகள் நான்கைப் போட வேண்டாம். அவை தரும் 6 வோல்ட் பட்டைக்கு அதிகம். நிரல் ஏற்றும் வேளையில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

இரண்டாம் பதில்:

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். 18650 லித்தியம் செல்லைச் சிலர் பரிந்துரைப்பார்கள். ஆனால் குழந்தை வீசி விளையாடும், கீழே போடும் பொருளுக்குள், நசுங்கினால் தீப்பற்றக்கூடிய ஒன்றை வைக்க நான் உடன்பட மாட்டேன். நிக்கல் பேட்டரிக்கும் 1 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைச் சேர்த்து, பேட்டரி மூடியைத் திருகாணியால் பூட்டுங்கள்.

வெளிச்சத்தை நிரலிலேயே கால் பங்காகக் குறையுங்கள். இருண்ட மேடைக்கு அதுவே தாராளம். நீலம் மட்டும் எரிந்தால் 180 மில்லிஆம்பியர்தான் செலவாகும். நானோவிலிருந்து பட்டைக்குக் கட்டளை செல்லும் தரவுக் கம்பியில் முதல் விளக்கை ஒட்டி 330 ஓம் ரெசிஸ்டரையும், பட்டையின் மின்முனைகளுக்குக் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரையும் வைப்பது நல்லது. வாளில் முதலில் அறுந்துபோவது பற்றவைத்த இடம்தான். ஆகவே சிலிக்கோன் உறையுள்ள மெல்லிழைக் கம்பியைப் பயன்படுத்தி, அதைப் பற்றவைப்புக்கு அப்பால் சூடான பசையால் உடலோடு ஒட்டிவிடுங்கள். வீசும்போது இழுவை பசையில் நின்றுவிடும்.

கேட்டவர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நிக்கல் பேட்டரிக்கு மாற்றியதும் ஒளி தடங்கலின்றி நுனிவரை ஏறுகிறது, நானோவும் சுடவில்லை. இப்போது ஒரு பக்கம் மட்டும் பிரகாசமாக இருக்கிறது. அந்தப் பக்கத்திலும் விளக்குகள் புள்ளி புள்ளியாகத் தெரிகின்றன.

இரண்டாம் பதிலளித்தவர்:

அதே நீளமுள்ள இன்னொரு பட்டையை முதுகோடு முதுகாக ஒட்டி, இரண்டின் தரவு முனைகளையும் நானோவின் ஒரே முனையில் இணையுங்கள். இரண்டும் ஒன்றுபோலவே ஒளிரும். நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. மின்செலவு 360 மில்லிஆம்பியராகும். அதை இந்தப் பேட்டரிகள் தாங்கும். புள்ளிகள் மறைய, பொருட்களைச் சுற்றிவரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாளைப் பட்டையின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி, அலகின் சுவரைத் தொடாமல் நடுவில் நிற்குமாறு செருகுங்கள்.