வறட்சியில் ஓடைக்கு வரும் மான்கள்: காடு மீண்டுவிட்டதா, மழைதான் நின்றதா?

ரவாங் தோட்டத்தான் (கோலாலம்பூர்):

என் தந்தையார் உலு சிலாங்கூர் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்த காலத்தில், உரிமம் வைத்திருந்த மலாய் நண்பர் ஒருவருடன் மான் வேட்டைக்குப் போவார். சிறுவனாக நானும் சில முறை கூடச் சென்றிருக்கிறேன். துப்பாக்கியைப் பற்றி அவர் எனக்கு அதிகம் சொல்லித்தரவில்லை. மழையைப் பற்றித்தான் சொன்னார். பத்து நாள் மழை இல்லாவிட்டால் மேட்டுச் சிற்றோடைகள் வற்றி, மான்கள் பள்ளத்து மடுவைத் தேடி இறங்கும் என்றும், ஓர் இரவு நல்ல மழை பெய்துவிட்டால் அதே மடுவில் ஒரு வாரம் காத்திருந்தாலும் பயனில்லை என்றும் அவர் கணக்கு வைத்திருந்தார். தூறல் நின்ற மறுகாலையில் சருகு நனைந்து காலடியோசை அடங்கியிருக்கும். அன்று மடுவில் உட்காராமல் தடம் பார்த்து நடக்க வேண்டும் என்பார்.

கடமானையும், கேளையாடு எனும் சிறிய மானையும் வேட்டையாட 2009இல் மலேசிய அரசு தடை விதித்து, பிறகு அதை நீட்டித்தது. அந்தத் தடை அப்போது தேவைப்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், சென்ற பிப்ரவரி வறட்சியில் அனுமதி பெற்ற நடைப்பயணக் குழுவோடு பகாங் காட்டோடை ஒன்றின் அருகே இரண்டு இரவு தங்கியபோது, இருபது ஆண்டுகளாக நான் காணாத அளவுக்குக் கடமானின் குளம்புத் தடங்களைக் கண்டேன். மான் பெருகிவிட்டது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? ஆண் மான்களுக்கு மட்டும், எண்ணிக்கை வரம்போடு, உரிம வேட்டையை மீண்டும் திறப்பது பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பது என் உறுதியான கருத்து.

பாலிக் புலாவ் மலையேறி (பினாங்கு):

ஐயா, உங்கள் தந்தையாரின் கணக்கை நான் முழுமையாக ஏற்கிறேன். அந்தக் கணக்கே உங்கள் முடிவை மறுக்கிறது என்பதுதான் என் வாதம். பத்து நாள் மழையில்லாமல் போனால் மான்கள் ஒரே மடுவுக்கு இறங்கும் என்றால், நீங்கள் அந்தச் சேற்றில் கண்டது ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் சிதறி வாழும் மான்களின் தடங்கள். அவற்றை ஒரு வீட்டு முற்றத்தின் அளவுள்ள இடத்தில் வறட்சி கூட்டி வைத்திருந்தது. அடுத்த மழைக்குப் பிறகு அதே மான்கள் நூறு ஓடைகளுக்குப் பிரிந்து போயிருக்கும். அப்போது நீங்கள் சென்றிருந்தால், காடு காலியாகிவிட்டது என்று இங்கே எழுதியிருப்பீர்கள். இரண்டு நேரத்திலும் மானின் எண்ணிக்கை ஒன்றாகவே இருந்திருக்கக்கூடும்.

இன்னொன்றும் உண்டு. கடமான் பெண் ஏறத்தாழ எட்டு மாதம் சுமந்து, பெரும்பாலும் ஒரே ஒரு கன்றை ஈனும். வறட்சியில் மடுவோரம் சுடத் தொடங்கினால், நிறைய இருப்பதாகத் தோன்றும் நேரத்தில்தான் அதிகமாக எடுப்போம். அந்தக் குறையை ஈடுகட்ட இத்தகைய விலங்குக்குப் பல ஆண்டுகள் ஆகும். மலாயாப் புலிகள் 150க்கும் குறைவாகவே காட்டில் எஞ்சியிருக்கும் இந்த நாட்டில், அவற்றின் முதன்மை இரைகளில் ஒன்றை நாம் இப்படிக் கணக்கிடலாமா?

ரவாங் தோட்டத்தான்:

சகோதரி, நீங்கள் சொல்வது தமிழ்நாட்டு முதுமலைக் காட்டுக்குப் பொருந்தும். அங்கே ஜனவரி முதல் ஏப்ரல் வரை காடு காய்ந்து, புள்ளிமான் கூட்டங்கள் எஞ்சிய நீரைச் சுற்றியே திரியும். நம் காடு மழைக்காடு. இங்கே தழையிலும் பனியிலும்கூட ஈரம் இருக்கிறது. எந்த மானும் தாகத்தால் ஒரே இடத்தில் கூட வேண்டிய கட்டாயம் இல்லை. அப்படியிருக்க ஒரே இடத்தில் அவ்வளவு தடம் என்றால், மான் உண்மையிலேயே அதிகம் என்றுதானே பொருள்?

மழைமானி (கோலாலம்பூர்):

முப்பது ஆண்டுகள் இடைநிலைப் பள்ளியில் புவியியல் கற்பித்தவன் என்ற முறையில், இருவருக்கும் இடையே விடுபட்ட ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

மலேசியத் தீபகற்பத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 2,500 மில்லிமீட்டரையொட்டி மழை பெய்கிறது என்றாலும், அது எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் பெய்வதில்லை. கிழக்குக் கரையில் நவம்பர், டிசம்பரில் கொட்டும். கோலாலம்பூருக்கு ஏப்ரலும் அக்டோபர், நவம்பரும் பெருமழை மாதங்கள். பினாங்கிலும் கெடாவிலும் ஜனவரி, பிப்ரவரி காய்ந்து கிடக்கும். 2014இன் தொடக்கத்தில் சிலாங்கூரில் மழை பொய்த்து, நாம் வாளிகளோடு தண்ணீர் லாரிக்கு வரிசை பிடித்து நின்றது இங்குள்ள பலருக்கும் நினைவிருக்கும். ஆகவே மழைக்காட்டிலும் வறட்சி உண்டு. ஆயினும் தோட்டத்தான் ஐயா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது: நம் காட்டில் ஒரு மடு மானை ஈர்க்கிறது என்றால், அதற்குத் தாகம் மட்டும் காரணமாக இருப்பது அரிது.

மறு பாதி, உப்பு. கடலிலிருந்து தொலைவில் உள்ள காட்டின் தழைகளில் சோடியம் மிகக் குறைவு. அதனால் கடமானும் காட்டெருமையும் தப்பிரும் யானையும், தாதுநீர் கசியும் களிமண் இடங்களைத் தேடிவந்து மண்ணை நக்கும், கலங்கிய நீரைக் குடிக்கும். பகாங் பக்கம் அதை ஜெனுட் என்பார்கள். கெடாவிலும் பேராக்கிலும் சீரா என்பார்கள். தாமான் நெகாரா தேசியப் பூங்காவில் பார்வையாளர்கள் இரவு தங்கும் பும்பூன் என்ற மறைவுக் குடில்களை இத்தகைய இடங்களைப் பார்த்தபடிதான் கட்டியிருக்கிறார்கள். பெருமழை பெய்தால் கசிவுநீரோடு ஓடைநீர் கலந்து உப்பு நீர்த்துப்போகும், சில இடங்கள் வெள்ளத்தில் மூழ்கியும்விடும். மழை ஓய்ந்து நிலம் இறுகும்போது கசிவு மீண்டும் செறிவாகும். ஐயாவின் தந்தையார் கண்ட பத்து நாள் கணக்கின் உள்ளே தண்ணீரோடு இதுவும் இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

எனவே ஐயாவிடம் ஒரு கேள்வி. நீங்கள் தங்கிய அந்த ஓடையின் கரை எப்படி இருந்தது? மண் வெளிறி, கடித்தும் நக்கியும் குடைந்ததுபோல் இருந்ததா?

ரவாங் தோட்டத்தான்:

இரண்டு நாளாகப் படங்களை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஆம், ஒரு பக்கக் கரை இடுப்பளவு உயரத்துக்குச் சாம்பல் நிறக் களிமண். அடிப்பகுதி குடைந்து போயிருந்தது. ஓடை அரித்ததாக அன்று நினைத்தேன். தடங்கள் அந்தக் கரையோரமே நெருக்கமாக இருந்தன, எதிர்க்கரையில் ஓரிரண்டுதான். அது ஜெனுட் என்றால், என் தடக்கணக்கு எண்ணிக்கைக்குச் சான்றாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரே கடமான் ஓர் இரவில் பல முறை வந்து போயிருக்கலாம்.

ஆயினும், உரிமம் பெற்றவனை மட்டும் நிறுத்திவிட்டால் காடு காப்பாற்றப்படும் என்பதை நான் ஏற்கமாட்டேன். விதியை மதித்தவர்கள் வீட்டில் இருக்கிறோம். கம்பிக் கண்ணி வைப்பவனுக்கு மழையும் இல்லை, மாதமும் இல்லை, ஆண் பெண் வேறுபாடும் இல்லை.

பாலிக் புலாவ் மலையேறி:

கண்ணியைப் பற்றிய உங்கள் கோபம் என் கோபமும்தான், ஐயா. ஆனால் கண்ணி வைப்பவன் எங்கே வைக்கிறான் என்பதை எண்ணிப் பாருங்கள்: ஜெனுட்டுக்குப் போகும் தடத்தில்தான் வைக்கிறான். விலங்கு எந்த இடத்துக்கு வந்தே தீர வேண்டுமோ அந்த இடம் அதன் பலவீனம். உப்புமண் அருகே காத்திருந்து சுடுவதை நம் வனவிலங்குச் சட்டம் தடுப்பதும் அதனால்தான். உரிமத்தோடு சுட்டாலும் அங்கே சுடுவது எனக்கு வேட்டையாகத் தெரியவில்லை.

பினாங்கில் இருக்கும் எங்களுக்கு இது தொலைதூரக் கதையும் அல்ல. எங்கள் குழாயில் வரும் நீரில் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆற்றின் தலைப்பகுதியான கெடாவின் உலு மூடா காட்டில் சீராக்கள் பல உள்ளன. ஜனவரியில் மழை நின்று அணைமட்டம் இறங்கிவிட்டது என்று செய்தி வரும் நாள்களில், அங்கே மான்களும் அந்தக் களிமண்ணைத் தேடி இறங்கிக்கொண்டிருக்கும்.

மழைமானி:

அப்படியானால் எண்ணிக்கையைப் பற்றிய கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. மடுவிலும் ஜெனுட்டிலும் எண்ணாமல், மலைமுகட்டுத் தடங்களிலும் செம்பனைத் தோட்ட ஓரத்திலும் தானியங்கிக் கேமராக்களைப் பரவலாக வைத்து, வறண்ட மாதத்திலும் மழை மாதத்திலும் ஒருமுறை பார்த்தால்தான் மழையின் பங்கைக் கழித்துவிட்டு மானின் பங்கைக் காண முடியும். அதைச் செய்ய வேண்டியவர்கள் பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறை போன்ற துறையினரும் ஆய்வாளர்களும். நம்மைப் போன்றவர்கள் செய்யக்கூடியது, பார்த்ததை எழுதும்போது கடைசியாக மழை பெய்த நாளையும் சேர்த்து எழுதுவது.

ரவாங் தோட்டத்தான்:

எழுதுகிறேன். நான் அந்தத் தடங்களைக் கண்ட பிப்ரவரி இரவுக்கு முன், வழிகாட்டி சொன்னபடி, பதினேழு நாள் மழை இல்லை. நவம்பரில் அனுமதி கிடைத்தால், அந்த ஓடைக்குப் போகாமல், அதற்கு மேலுள்ள முகட்டு வழியே நடந்து பார்த்துவிட்டு வருகிறேன்.