மறு: எக்ஸ்ட்ரின்சிக் இன்குபேஷன் பீரியட் – தமிழில்?

வணக்கம்.

> ‘புற அடைகாப்புக் காலம்’ என்றே வைத்துவிடலாமே. சுருக்கமாக இருக்கிறது.

நான் சொன்ன ‘தொற்றரும்பு காலம்’ என்பதைவிடச் சுருக்கம்தான் ஐயா. ஆனால் டெங்கு பற்றிய கட்டுரையில் ‘அடைகாப்பு’ என்று வந்தால் யாருக்கும் கொசு முட்டைதான் நினைவுக்கு வரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைக் கதையே தனி. தொட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கரும்புள்ளிகளாக ஒட்டியிருக்கும். தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மழையில் நீர் ஏறி நனைந்ததும் பொரிக்கும். நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு. நோயாளியைக் கடித்த கொசுவின் குடலில் புகுந்த வைரஸ் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பியை எட்டி, அந்தக் கொசு அடுத்தவருக்கு நோயைக் கொடுக்கத் தயாராகும்வரை ஆகும் நாட்கள். முட்டைக்கு வேண்டியது மழை, வைரஸுக்கு வேண்டியது வெப்பம். இரண்டும் ஒரே பத்தியில் வரும் கட்டுரை இது. ‘அடைகாப்பு’ குழப்பிவிடும்.

‘புற’வும் உறுத்துகிறது. நமக்குத்தான் அது புறம், கொசுவுக்கு அகம்தானே!

நாட்கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். டெங்கு வைரஸுக்கு 25 பாகை செல்சியஸில் சராசரியாக 15 நாள் ஆகிறது, 30 பாகையில் ஆறரை நாள் போதும். நாளொன்றுக்குப் பத்தில் ஒரு கொசு சாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 நாள் கழித்து நூற்றில் இருபதுதான் உயிரோடு மிஞ்சும். ஆறரை நாளில் என்றால் ஐம்பது. ஆக, கொசுக்கள் ஒன்றுகூட அதிகமாகாமலே நோய் பரப்பக்கூடியவை இரண்டரை மடங்காகின்றன. வெயில் மிஞ்சினால் கொசுவும் தாங்காது, அது வேறு விஷயம். மலேரியாவிலும் இதே கணக்குதான். மலேரியாவைத் தரும் வைவாக்ஸ் ஒட்டுண்ணி ஏறத்தாழ 16 பாகைக்குக் கீழே கொசுவுக்குள் வளர்ச்சியை முடிப்பதில்லை. அது வைரஸ் அல்ல, எனவே நம் சொல்லில் ‘வைரஸ்’ வரக்கூடாது.

இதனால்தான் ‘தொற்றரும்பு காலம்’ என்று சொன்னேன். மனிதருக்குத் தொற்று ஏறியதிலிருந்து அறிகுறி தெரியும்வரை உள்ள நாட்களுக்கு இலங்கையில் புழங்கும் ‘நோயரும்பு காலம்’ நல்ல சொல். மனிதரில் அரும்புவது நோய். கொசுவில் நோய் ஏதும் அரும்புவதில்லை, தொற்றவைக்கும் திறன்தான் அரும்புகிறது.

> மனிதரிலும் தொற்று ஏறியபின் பிறருக்குப் பரப்பும் நிலை வரும்வரை ஓர் இடைவெளி உண்டே? அதற்கும் இது பொருந்திவிடுமே.

பொருந்தும், மறுக்கவில்லை. அகராதிப் பதிவில் ‘காவியகத் தொற்றரும்பு காலம்’ என்று முழுதாகத் தரலாம். காவி என்றால் நோயைச் சுமந்து பரப்பும் உயிரி. ‘கொசுவக’ என்று போட்டால் உண்ணிக்கும் மணல் ஈக்கும் இன்னொரு சொல் தேட வேண்டிவரும். காவி என்றதும் சாமியார் நினைவு வருகிறது என்று யாராவது சொல்வீர்கள். ‘நோய்க்காவி’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது, பழகிவிடும். கட்டுரைக்குள் முதல் தடவை முழுச்சொல், அப்புறம் ‘தொற்றரும்பு காலம்’ போதும்.

அப்புறம், கட்டுரையில் கொசுநோய்கள் வரும் பகுதிக்கு ‘மழைக்கால நோய்கள்’ என்று தலைப்பிட்டிருப்பதை மாற்றிவிடுங்கள். இலங்கையில் 1934–35இல் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்ற மலேரியா, மழை பொய்த்ததால் வந்தது. தெதுரு ஓயா, மகா ஓயா ஆறுகள் ஓட்டம் நின்று வெயில் படும் தெளிந்த குட்டைகளாகிவிட்டன. அங்கே மலேரியாவைப் பரப்பும் கொசுவான அனோபிலஸ் குலிசிஃபேசிஸ் முட்டையிட வேறென்ன வேண்டும்? வழக்கமாக வெள்ளம் அடித்துப்போகும் கொசுப்புழுக்கள் அந்த ஆண்டு தங்கிவிட்டன. குருநாகல், கேகாலைப் பக்கத்து மக்களுக்கு மழை குறைந்த உலர்வலயத்தாரைப்போல நோய் பழகிய உடம்பும் இல்லை. பெருமழை புழுவை அடித்துச் செல்லும், வறட்சி குடம் குடமாகத் தண்ணீரைச் சேர்த்துவைக்கச் செய்து ஏடிஸுக்கு இடம் கொடுக்கும். ‘மழையும் கொசுநோய்களும்’ என்று இருந்தால் போதும்.

ஒற்று பற்றிக் கேட்டிருந்தீர்கள். ‘அரும்பு காலம்’ வினைத்தொகை, ஊறுகாய் போல. ‘க்’ வேண்டாம்.