மறு: பிளசீபோ – ‘மருந்துப்போலி’ மட்டும் போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நான்கு நாளாக ஊரில் இல்லை. வந்து பார்த்தால், பிளசீபோவுக்கு (மருந்தைப் போலவே தோன்றும், ஆனால் மருந்தில்லாத மாத்திரை, ஊசி போன்றவை; ஆய்வில் அசல் மருந்தோடு ஒப்பிடவும் கொடுப்பார்கள்) தமிழில் என்ன சொல் என்ற நம் இழை முப்பது மடலைத் தாண்டிவிட்டது. எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், நடுவில் நடந்த சண்டை உட்பட.

> ‘போலி மருந்து’ என்றால் எல்லோருக்கும் புரியுமே. புதிதாக எதற்கு?

புரியும் ஐயா, தப்பாகப் புரியும். ஒரு மருந்து ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தைப் போன வருஷம் தமிழில் எழுதிக் கொடுத்தேன். நான் போட்டது மருந்துப்போலி. எனக்கு மேலே இருந்தவர் எளிமையாக்குகிறேன் என்று அதைப் ‘போலி மருந்து’ ஆக்கிவிட்டார். அச்சுக்குப் போகும் முன் நாலைந்து பேரிடம் வாசித்துக் காட்டுவோம். “உங்களுக்கு மருந்தோ போலி மருந்தோ தரப்படலாம்” என்ற வரி வந்ததும், எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். “போலி மருந்துன்னு நீங்களே எழுதி, எங்கிட்டயே கையெழுத்தும் கேக்கிறீங்களே தம்பி, போலீஸ் ஒண்ணும் சொல்லாதா?” என்றார். அவர் மேல் என்ன தப்பு? பேப்பரில் போலி மருந்து என்று வந்தால் கூடவே கும்பலும் கைதும் வரும்.

ஆக, சொற்களின் வரிசையை மாற்றினால் பொருளே மாறுகிறது. போலி மருந்து கள்ளச்சரக்கு. மருந்துப்போலி அப்படி இல்லை, அது இலக்கணப்போலியின் தம்பி. இல்முன் என்பதை முன்றில் என்கிறோம். விதிப்படி வராவிட்டாலும் இலக்கணமுடையது போலவே சான்றோர் வழங்கியதால் அது இலக்கணப்போலி. மருந்து இல்லை, ஆனாலும் மருந்து போலவே வழங்கப்படுகிறது என்றால் மருந்துப்போலி. ‘வழங்குதல்’ என்ற சொல்கூட இரண்டு இடத்திலும் பொருந்துகிறது. இதை ஆக்கியவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு.

> இலத்தீன் வேர்ப்பொருளை ஒட்டி ‘மகிழ்மருந்து’ எனலாம்.

வேரைத் தோண்டினால் வேறு கதை வருகிறது அம்மா. இலத்தீனில் பிளசீபோ என்றால் ‘மகிழ்விப்பேன்’ என்பது சரி. ஆனால் அந்தச் சொல் மருத்துவத்துக்குச் சாவு வீட்டு வழியாக வந்தது. இறந்தவருக்கான பழைய இலத்தீன் கிறிஸ்தவ வழிபாடு, வேதாகமத்தின் 116-ஆம் சங்கீதத்தின் 9-ஆம் வரியோடு தொடங்கும், அதன் முதல் சொல் பிளசீபோ. எபிரேயத்தில் அந்த இடத்தில் இருப்பது ‘நடப்பேன்’. கிரேக்கம் வழியாக இலத்தீனுக்குப் போனபோது மகிழ்விப்பேன் ஆகிவிட்டது. தமிழ் வேதாகமத்தை எடுத்துப் பாருங்கள், நடப்பேன் என்றுதான் இருக்கும். பிறகு காசுக்கும் சாப்பாட்டுக்கும் சாவு வீட்டில் போய் இதைப் பாடுகிறவர்களை ஊர் கேலி செய்ய ஆரம்பித்தது. நம் ஊரில் கூலிக்கு மாரடிப்பவர் என்போமே, அதே ஆள். அங்கிருந்து முகத்துதிக்காரனுக்கும் பெயராகி, கடைசியில் மருந்துக்கும் வந்தது. 1811-இல் வந்த ஹூப்பரின் மருத்துவ அகராதி, நோயாளிக்குப் பலன் தருவதைவிட அவரைத் திருப்திப்படுத்தவே ஏற்ற மருந்து என்று பொருள் எழுதுகிறது. வேர்ப்பொருளில் விசுவாசமாக இருக்க வேண்டுமென்றால் ‘மாரடி மருந்து’ என்று வைக்கலாம். வேண்டாம்தானே?

சரி, இனி என் பிரச்சினைக்கு வருகிறேன். மருந்துப்போலி என்ற சொல் ஆய்வுக்கூடத்துக்குக் கச்சிதம். தினசரி வைத்தியத்தில் காலை வாருகிறது.

2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கருத்தாய்வு வந்தது. அமெரிக்காவில் 1,200 பொது மருத்துவர்களையும் மூட்டுவாத மருத்துவர்களையும் கேட்டார்கள். 679 பேர் பதில் எழுதினார்கள். ஏறக்குறைய பாதிப்பேர், பிளசீபோ சிகிச்சையை வழக்கமாகவே எழுதித் தருகிறோம் என்றார்கள். எதைக் கொடுத்தார்கள் என்பதில்தான் விஷயம். சர்க்கரை மாத்திரை 2 விழுக்காடு, உப்புநீர் ஊசி 3 விழுக்காடு. கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் வலி மாத்திரை 41, வைட்டமின் 38, ஆன்டிபயாடிக் 13. நோயாளியிடம் பெரும்பாலானவர்கள் சொன்னது, “உங்கள் நோய்க்கு வழக்கமாகத் தருவதில்லை, ஆனால் பலன் தரக்கூடும்” என்கிற மாதிரி. 2013-இல் பிரிட்டனில் 783 குடும்ப மருத்துவர்களைக் கேட்டபோதும் இதே நிலைமை: மருந்தே இல்லாததை ஒரு தடவையாவது கொடுத்தவர் 12 விழுக்காடு, உண்மையான மருந்தையே இப்படிக் கொடுத்தவர் 97.

சளிக்காய்ச்சலுக்கு எழுதும் ஆன்டிபயாடிக்கை எப்படி மருந்துப்போலி என்பது? அது அசல் மருந்து. வயிற்றைக் கெடுக்கும், கிருமிக்குப் பழக்கமாகிப் பின்னால் தேவைப்படும்போது வேலை செய்யாமல் போகும். போலித்தனம் மாத்திரையில் இல்லை, அதை நீட்டுகிற கையில் இருக்கிறது. இந்த இரண்டாம் வகையை ஆங்கிலத்தில் ‘தூய்மையற்ற பிளசீபோ’ என்கிறார்கள். அதை அப்படியே தமிழில் போட்டால் பல்லி விழுந்த மருந்து என்றுதான் நினைப்பார்கள்.

சின்ன ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் பல வருஷம் மருந்தாளுநராக இருந்தவன் நான். அசதி, கை கால் உளைச்சல் என்று ஒரு பாட்டி மாதம் இரண்டு தடவை வருவார். சீட்டில் பி-காம்ப்ளெக்ஸ் இருக்கும். ஒருமுறை இருப்பு தீர்ந்து வேறு மாத்திரை கொடுத்தேன். பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டு, “இது எனக்குக் கேக்காது சாமி, அந்த மஞ்ச மாத்திரைதான் கேக்கும். அதப் போட்டா ஒண்ணுக்கே மஞ்சளாப் போகும், உள்ள இருக்கற சூடெல்லாம் எறங்குதுல்ல” என்றார். மஞ்சளாகப் போவது ரைபோஃபிளேவின், மிச்சமானது வெளியே வருகிறது, அவ்வளவுதான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் மஞ்சள் மாத்திரை வந்தது, பாட்டியும் வந்தார், நடை கொஞ்சம் சுறுசுறுப்பாகவே இருந்தது.

ஊசி போடாத டாக்டரிடம் கூட்டம் சேராது. கைராசிக்காரர் வெறுமனே தொட்டாலே பாதி சரி என்பார்கள். இப்படி மருந்தின் வேலை இல்லாமலே தேறுவதை, அதாவது பிளசீபோ விளைவை, ‘கைராசி விளைவு’ என்று ஒருவர் விளையாட்டாக எழுதியிருந்தார். விளையாட்டாக எழுதினாலும் இழையிலேயே நல்ல சொல் அதுதான். படிவத்தில் போட முடியாது, அது ஒன்றே குறை.

என் முன்மொழிவு: தேற்று சிகிச்சை.

தேறு, தேற்று. உடம்பு தேறுகிறது என்கிறோம், தேறுதல் சொல்கிறோம். குணமாவதும் மனம் ஆறுவதும் ஒரே வேரில். ஆற்று என்று வைத்தால் ஆற்றுப்படுத்துதல் (கவுன்சலிங்) நினைவுக்கு வந்துவிடும். தேற்று காலியாக இருக்கிறது. (வினைத்தொகை, எனவே நடுவில் ‘ச்’ வராது. மெய்ப்புப் பார்ப்பவர்கள் தயவுசெய்து போட்டுவிடாதீர்கள்.) மருந்தே இல்லாதது வெறுந்தேற்று. அசல் மருந்தை அதற்குரிய நோய் இல்லாமல் கொடுப்பது மருந்துத்தேற்று. பிளசீபோ விளைவு, தேற்று விளைவு. ஆய்வில் ஒப்பிடுவதற்குக் கொடுக்கும் மாத்திரை மட்டும் மருந்துப்போலியாகவே இருக்கட்டும்.

முதலில் ‘தேற்று மருந்து’ என்றுதான் நினைத்தேன். சித்த மருத்துவம் படித்த நண்பரிடம் தொலைபேசியில் சொன்னதும், “எங்களிடம் உடல்தேற்றி என்று ஒரு வகையே இருக்கிறது, அதன் தலையில் கை வைக்கிறீர்களே” என்றார். நியாயம். அதனால் பொருளை விட்டுச் செயலுக்குப் பெயர் வைத்தேன். யோசித்தால் அதுதான் முறையும்கூட.

‘மனத்தேற்று’ என்று முன்னொட்டுச் சேர்க்கச் சொல்வார்கள் என்று தெரியும். சேர்க்க வேண்டாம், இது மனசோடு மட்டும் நிற்பதில்லை. 1978-இல் பல் பிடுங்கியவர்களிடம் நடத்திய சோதனையில், மருந்துப்போலியால் குறைந்த வலி நலாக்சோன் கொடுத்ததும் திரும்ப ஏறியது. நலாக்சோன் அபின் வகை மருந்துகளை மறிப்பது. அப்படியானால் உடம்பே தனக்குள் அபினைப் போல ஏதோ சுரந்திருக்கிறது. அதே சமயம் கட்டி கரையும், எலும்பு கூடும் என்றெல்லாம் கிளம்பிவிடக் கூடாது. வலி, குமட்டல், அசதி மாதிரி நோயாளி உணர்ந்து சொல்கிறவற்றில்தான் இதன் ஆட்டம்.

> இனிப்பான பெயர் வைத்துப் பொய்யை மறைக்கிறீர்கள்.

இந்தக் கேள்வி உறுத்தத்தான் செய்கிறது. தாமஸ் ஜெஃபர்சன் 1807-இல் ஒரு கடிதத்தில், தனக்குத் தெரிந்த மிகச் சிறந்த வைத்தியர் ஒருவர் மற்ற எல்லா மருந்தையும் சேர்த்ததைவிட ரொட்டி உருண்டையும் சாயத் தண்ணீரும் சாம்பல் பொடியுமே அதிகம் கொடுத்ததாக எழுதி, அதைப் புண்ணியமான மோசடி என்றார். மோசடி என்ற சொல்லை அவர் விடவில்லை. ஆனால் 2010-இல் ஹார்வர்டைச் சேர்ந்த டெட் காப்சுக் குழு, குடல் எரிச்சல் நோயுள்ள 80 பேரில் ஒரு பாதிக்கு, “இதில் மருந்து கிடையாது” என்று முகத்துக்கு நேரே சொல்லியே மாத்திரை கொடுத்தது. மூன்று வாரத்தில் அவர்களில் 59 விழுக்காடு பேர் போதுமான நிவாரணம் என்றார்கள். மாத்திரை இல்லாத தரப்பில் 35. பொய் சொல்லாமலும் தேற்ற முடியும் என்றால், பொய்யைப் பெயருக்குள் வைத்துத் தைக்க வேண்டியதில்லை. பொய் சொல்லிக் கொடுத்தால் ‘மறைத்துத் தேற்றல்’ என்று தனியாக எழுதுவோம்.

இன்னும் இரண்டு பாக்கி. வெட்டித் தைத்துவிட்டு உள்ளே ஒன்றும் செய்யாமல் விடும் அறுவைக்குப் ‘பாவனை அறுவை’ என்று பலர் கைதூக்கியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் நுகர்வோர். அங்கே வாசிப்பவர் நடைமுறையில் இருக்கும் அறுவை என்று எடுத்துக்கொள்வார். ‘ஒப்புக்கு அறுவை’ என்பது எனக்குப் பிடித்திருக்கிறது, கொஞ்சம் சிரிப்பு வந்தாலும்.

அப்புறம் நொசீபோ. கெடுக்கும் என்று நம்பியே கெடுவது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டின் (கொலஸ்ட்ராலைக் குறைக்கும்) மாத்திரையை நிறுத்திய 60 பேரை வைத்து 2020-இல் வந்த ஆய்வில், ஸ்டாட்டினால் வந்த தொந்தரவில் பத்தில் ஒன்பது பங்கு மருந்துப்போலியிலும் வந்திருந்தது. இதற்கு ‘நலி விளைவு’ என்று குறித்து வைத்திருக்கிறேன், மனசு ஒட்டவில்லை. இலங்கை நண்பர்கள் தேற்று என்பது அங்கே காதுக்கு எப்படி இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். திருத்திய படிவம் வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. இந்தத் தடவையும் அதே பெரியவரிடம்தான் வாசித்துக் காட்டப் போகிறோம், அதனால் புதனுக்குள் எழுதுங்கள்.