கோபுரம் தெரிஞ்சா நிலா வெளுக்குது, நிலா தெரிஞ்சா கோபுரம் கறுக்குது

அண்ணன்மாரே, அக்காமாரே, மூணு மாசமா மாட்டிக்கிட்டு முழிக்கிறேன். மீனாட்சி அம்மன் கோயில் தெற்குக் கோபுரத்துக்குப் பின்னாடி முழு நிலா எழும்புற படம் வேணும்.

கேமரா கேனன் 1500டி, லென்ஸ் 55-250, ட்ரைபாட் உண்டு. நிக்கிற இடம் ரயில்வே ஸ்டேஷனுக்கு மேற்கே நண்பன் வீட்டு மொட்டை மாடி. கோபுரம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர். அந்தத் தூரத்துல நிலா கோபுர உயரத்துல கால்வாசி இருக்கும், அளவுல குறையில்ல.

மாசிப் பௌர்ணமிக்கு நிலா கோபுரத்தை விட்டு வடக்கே தள்ளி எழுந்துச்சு, போச்சு. பங்குனியில நேரா வந்துச்சு. ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணர்ற அளவு) 100, எஃப் (லென்ஸ் துவார அளவு) 8, ஷட்டர் 1/125 செகண்ட் வச்சா நிலாவுல கறை வரைக்கும் தெரியுது, கோபுரம் கரிக்கட்டை. ஐஎஸ்ஓ 800, 1/15 வச்சா சிற்பமெல்லாம் அழகு, நிலா வெள்ளைத் தோசை. ரெண்டையும் ஒட்டிப் பார்த்தேன், விளிம்புல பேய் மாதிரி ஒரு வளையம். (மனசும் ஒப்பல.) ஷட்டரை ஒரு செகண்டுக்கு மேல விட்டா நிலா இழுபடுது. பௌர்ணமிக்கு முந்தின நாள் சாயங்காலமும் போனேன்: மேற்கு வெயில் கோபுரத்து மேல விழுந்துச்சு, ஆனா தூசியில நிலா கண்ணுக்கே தட்டுப்படல. தெரியறப்ப ரொம்ப மேல ஏறிருச்சு.

சித்திரைக்கு நிலா இன்னும் தெற்கே நகரும், அதனால வடக்கே வேற மாடி பார்த்து வச்சாச்சு. ஊரே அழகரைப் பார்க்க ஆத்துல நிக்கும், நான் மாடியில நிப்பேன்.

ஒட்டுவேலை இல்லாம ஒரே கிளிக்ல ரெண்டும் வர, முந்தின நாளா பௌர்ணமி அன்னைக்கா, சூரியன் மறைஞ்சு எத்தனை நிமிஷத்துல, என்ன செட்டிங்ல எடுக்கணும்?