சீரோ டிராப் சப்பாத்தோட மலையேறின ஆக்கள் ஆராவது இருக்கிறீங்களா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நான் திருகோணமலை. வெசாக்குக்கு முன்னம் சிவனொளிபாதமலை ஏறி, பிறகு மலையகத்து நீண்ட நடைபாதையான பீக்கோ டிரெயிலில் சில கட்டங்கள் நடக்க இருக்கிறன். அதுக்கு அல்ட்ரா லோன் பீக் மாதிரி சீரோ டிராப் சப்பாத்து எடுக்கலாமோ எண்டு யோசிக்கிறன்.

வழமையான ஓட்டச் சப்பாத்தில் குதிப்பக்கம் முன்பக்கத்தைவிட 8 முதல் 12 மில்லிமீற்றர் வரை உயரம். இந்த உயர வித்தியாசத்தைத்தான் டிராப் எண்டுறது. சீரோ டிராப்பில் ரெண்டும் ஒரே மட்டம். அல்ட்ராவில் விரல் பக்கமும் அகலம். இறக்கத்தில் பெருவிரல் நகம் முட்டி நோகிற எனக்கு அதுதான் பெரிய ஆசை. முழங்காலுக்கும் பாரம் குறையுமாம். ஆனா அந்தப் பாரம் இல்லாமப் போறேல்ல, கெண்டைக்காலுக்கும் குதிநாணுக்கும் மாறுது. அதாலதான் மெதுவாப் பழகச் சொல்லுறாங்கள்.

என்ர பயமும் அதுதான். இங்க எனக்குப் பழக இருக்கிறது உப்புவெளி மணலும் கோணேசர் கோயில் ஏற்றமும். சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணிப் பக்கத்தால ஏறினா 5000 படிக்கு மேல. ஒவ்வொரு படியிலும் குதி கீழ இறங்கினா நாண் இழுபடும்தானே?

பாரப் பையோட நடந்த ஆக்களுக்குப் பழக எத்தினை கிழமை எடுத்தது? இடையில 4 மில்லிமீற்றர் டிராப் போட்டுப் பழகினீங்களா? சின்னனில இருந்து தட்டையான பாட்டாவோட திரிஞ்ச எங்கட காலுக்கு லேசாப் பழகுமோ? முந்தி குதிநாண் நோ வந்த ஆக்கள் கட்டாயம் சொல்லுங்கோ. கொழும்பில போட்டுப் பார்த்து வாங்கிற கடை தெரிஞ்சாலும் உதவியா இருக்கும்.